அக்கி வந்த இடமும் அடைத்துக்கொண்ட நீரும்

எங்கள் வீட்டு அடுப்படியில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நீளநோட்டு தொங்கும். இடது பக்கம் நான் குடித்த தண்ணீர், வலது பக்கம் வெளியே போன நீர், எல்லாம் மில்லி கணக்கில். 2017-ல் அம்மா எனக்கு ஒரு கிட்னி கொடுத்தார். அன்றிலிருந்து எழுதி வருகிறேன். அதற்கு முன் இரண்டரை வருடம் டயாலிசிஸ். அந்த மிஷினோடு கிடந்தவர்களுக்குத்தான் ஒண்ணுக்குப் போவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரியும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையை எட்டிப் பார்த்தேன். பாதி நிறைந்திருந்தது. அழுதுவிட்டேன்.

அதே நோட்டில் 2024 மார்ச் மாதத்துப் பக்கங்களை இப்போதும் புரட்டிப் பார்ப்பேன். என் கையாலேயே எழுதியது, தினமும் என் கண் முன்னால் தொங்கியது, ஆனாலும் அது சொன்னதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. என்னைப் போல மாத்திரை போட்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பவர்கள், கீமோ எடுப்பவர்கள், முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சாப்பிடுகிறவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார், எல்லோருக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கூச்சமான இடத்தைப் பற்றிய விஷயம். நான் கூச்சப்பட்டதால்தான் அவ்வளவு தூரம் போனது.

காங்கயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறேன். வெயில் ஏற ஏறக் களத்தில் வேலையும் ஏறும். கொப்பரை காய்ந்து மூட்டையாகி லாரி ஏறும்வரை நாற்காலியை விட்டு எழ முடியாது. அதனால் இடது பக்கம் உட்காருகிற இடத்தில் எரிச்சல் எடுத்தபோது நாற்காலிச் சூடு என்றே நினைத்தேன். இரண்டாம் நாள் வேட்டி உரசினாலே மிளகாய் பட்டது போல எரிந்தது. தொடைக்குப் பின்னால் கரன்ட் அடிப்பது போலச் சுரீர் சுரீரென்று இழுத்தது. தோலில் ஒன்றுமே தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். இடுப்பு நரம்பு அழுத்தம் என்றார். வலி ஊசியை எடுத்தார். கிட்னி மாற்றியவனுங்க, டைக்ளோஃபெனாக் மாதிரி ஊசி மாத்திரை எதுவும் எனக்கு ஆகாதுங்க என்று சொல்லித் தடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். வலிக்கு டிரமடாலும், இரவில் போட அமிட்ரிப்டிலின் என்ற சின்ன மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வலிக்கிற இடத்தைக் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை சீட்டு எழுதிக்கொண்டிருந்தது, கதவுக்கு வெளியே பத்துப் பேர். காட்டியிருந்தாலும் அன்றைக்குக் கொப்புளம் வந்திருக்காதுதான். ஆனால் துணி பட்டால் எரிகிறது, ஒரே பக்கம் எரிகிறது என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை இரவு மனைவிதான் பார்த்தாள். "ஏனுங்க, இங்க கொத்துக் கொத்தா நீர் கோத்தாப்புல இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா டார்ச் அடித்து ஒரு பார்வைதான் பார்த்தார். "அக்கி சாமி இது. ஒரு பக்கமாத்தான் வந்திருக்குது பாரு."

அம்மா சொன்னது முழுக்கச் சரி. முதுகின் நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கமாக, சிவந்த தோல் மேல் கொத்தாக நீர்க் கொப்புளம் வருவதுதான் அக்கியின் அடையாளம். கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே எரிச்சல் வந்துவிடும். நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது எனக்குச் சின்னம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கை, இளநீர், கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது எல்லாம் நினைவிருக்கிறது. தண்ணீர் ஊற்றியதோடு ஆத்தா இறங்கிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தோம். அந்த வைரஸ் அன்றைக்கே முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொண்டது. நல்ல உடம்பில் அது ஆயுசுக்கும் தூங்கலாம். வயதாகும்போது, அல்லது என்னைப் போல டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசலோன் என்று காவலைத் தளர்த்தி வைத்திருக்கும் உடம்பில், எழுந்து ஏதோ ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வரும். பெரும்பாலும் விலாப் பக்கம் வரும். எனக்கு முதுகுத்தண்டின் அடிநுனி நரம்பில் வந்தது.

சனிக்கிழமை அம்மா மண்பாண்டம் செய்கிற வீட்டுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் அவர்களிடம் போய்க் காவியில் எழுதிக்கொண்டு வருவதுதான் வழக்கம். வந்த இடத்தைச் சொன்னதும் அந்தப் பெரியவர் காவியைக் கரைத்துக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்து, வீட்டிலேயே பூசிக்கச் சொன்னார். சனி மாலை, ஞாயிறு மாலை, இரண்டு தரம் பூசினோம். குளிர்ச்சியாக இருந்தது, அதைப் பொய் சொல்ல முடியாது. எங்கள் அப்பாருக்கு விலாவில் அக்கி வந்தபோது எழுதித்தான் ஆறியது என்று வீட்டில் சொல்வார்கள். நல்ல உடம்பில் அக்கி தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து உதிரும், அதனால் அப்பாருக்கு ஆறியிருக்கும். என் உடம்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் வேறு கிருமி சேரும். பூசினால் புண் மறைந்துபோய்ப் புதிதாக வருவது தெரியாது. இதையெல்லாம்விட, வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. அதில் இரண்டு நாளை நான் காவிக்குக் கொடுத்துவிட்டேன். எழுதிக்கொள்ள நம்பிக்கை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், புண்ணில் படாமல் சுற்றிலும் எழுதச் சொல்லுங்கள். ஆனால் கிட்னி மாற்றியவர், கீமோ எடுப்பவர் என்றால் அன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் பண்ணிவிடுங்கள்.

இனி நோட்டு. சனிக்கிழமை குடித்தது 3,000, போனது 2,300. ஞாயிறு குடித்தது 3,200, போனது 1,450. திங்கள் குடித்தது 3,600, போனது 780.

தொகையை மட்டும் பார்த்தால் நீர் குறைகிறது என்று தெரியும், அவ்வளவுதான். வலது பக்கத்தில் தனித்தனியாக எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை 350, 400, 300 என்று இருக்கிறது. திங்கட்கிழமை 40, 60, 30, 50, 40 என்று அந்தப் பக்கமே நிறைந்திருக்கிறது. அரை மணிக்கு ஒரு தரம் போயிருக்கிறேன். முக்கி முக்கித்தான் வந்தது. வேகமே இல்லை. எழுந்து வந்த பிறகும் வேட்டியில் சொட்டியது. ஆனாலும் போய்க்கொண்டுதானே இருக்கிறோம், அடைப்பு என்றால் ஒரு சொட்டும் வராதே என்று நினைத்தேன். தண்ணீர் பற்றவில்லை என்று இன்னும் குடித்தேன். மனைவி பார்லித் தண்ணீர் காய்ச்சினாள். பக்கத்து வீட்டு அண்ணன் வாழைத்தண்டுச் சாறு குடித்தால் நீர் பிரியும் என்றார். அன்றைக்கு நான் செய்திருக்கவே கூடாத காரியம் அந்தத் தண்ணீர் குடித்ததுதான்.

இன்னும் இரண்டு அறிகுறி இருந்தன. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. டிரமடால் மலச்சிக்கல் பண்ணும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதன் தலையில் போட்டேன். இரண்டாவது, ஞாயிறு காலை பின்பக்கம் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது வலது பக்கம் ஜில்லென்று தெரிந்தது, இடது பக்கம் தெரியவே இல்லை. யாருடைய உடம்பையோ கழுவுவது போல இருந்தது. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்கு அப்படி ஆனால் சொல்லிவிடுங்கள். எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்த இடம் மரத்துப்போவது மூத்திரப்பைக்குப் போகும் நரம்பும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம்.

திங்கள் இரவு பதினொரு மணிக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்து 780 என்று எழுதியபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கிட்னி போய்விட்டது. உடம்பு அதைத் தள்ளிவிட்டது. மறுபடி மிஷின், மறுபடி வாரம் மூன்று நாள். அதைவிடப் பெரிய பயம் அம்மாவைப் பற்றியது. அம்மா திண்ணையில் படுத்திருந்தார். இடது விலாவுக்குக் கீழே அந்தத் தழும்பு இருக்கிறது. அவரிடம் போய் என்ன சொல்வேன்? விடியட்டும் என்று விளக்கை அணைத்தேன்.

மனைவிக்குத் தூக்கம் வரவில்லை போல. அடிவயிற்றில் கையை வைத்தவள் எழுந்து விளக்கைப் போட்டாள். மாற்றி வைத்த கிட்னி எனக்கு வலது அடிவயிற்றில் இருக்கிறது, அந்த மேடு அவளுக்குப் பழக்கம். இது நடுவில், தொப்புளுக்குக் கீழே, இளநீரைக் கவிழ்த்து வைத்தது போல விம்மி நின்றது. அமுக்கினாள். வேட்டி நனைந்தது. ஆனால் எனக்கு ஒண்ணுக்கு வருகிற உணர்ச்சியே இல்லை. "இத்தனை தண்ணியும் இங்கதானுங்க இருக்குது" என்றாள்.

மச்சான் காரை எடுத்தார். பல்லடம், சூலூர் வழியாகக் கோயம்புத்தூர். இரண்டு மணிக்குக் கிளம்பினோம்.

எமர்ஜென்சியில் முதலில் நடந்தது காவியைக் கழுவியது. சிஸ்டர் சலைனில் பஞ்சை நனைத்து ஒத்தி ஒத்தி எடுத்தார். சிவப்புத் தண்ணீர் விரிப்பில் வழிந்தது. காவிக்கு அடியில் பழைய கொப்புளங்களுக்கு நடுவே புதிது புதிதாக வந்திருந்தன, ஒன்றிரண்டு கறுத்தும் இருந்தன. அவர் முகம் சுளிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அடுத்த தடவை இப்படி எங்க வந்தாலும் உடனே காட்டிடணும்ங்ண்ணா" என்று மட்டும் சொன்னார். ஸ்கேனில் மூத்திரப்பை நிறைந்து, மாற்றிய கிட்னியிலும் நீர் பின்னுக்குத் தேங்கியிருந்தது. டியூப் போட்டதும் 1,150 மில்லி வந்தது. நல்ல பை சாதாரணமாக 400, 500 மில்லியில் நம்மை எழுப்பிவிடும்.

டியூப் வழியாக நீர் இறங்க இறங்க உடம்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை எடுத்தது போல இருந்தது. கிரியாட்டினின் என்பது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்க்கும் அளவு, ஏறினால் ஆபத்து. எனக்கு வழக்கமாக 1.3 இருப்பது 2.6 ஆகியிருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, அம்மா கொடுத்த கிட்னி போய்விட்டதா என்பதுதான். டாக்டர் டியூபில் மாட்டியிருந்த பையைத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தண்ணி எல்லாம் அந்தக் கிட்னி போட்டதுதானுங்க. அது நல்லா வேலை செய்யுது. பையைப் பிழியற நரம்புதான் அசந்துபோச்சு."

காலையில் ரவுண்ட்ஸ் வந்தபோது அவர் தாளில் வரைந்து காட்டினார். முதுகுத்தண்டின் அடியில் சேக்ரல் நரம்புகள் என்று ஐந்து ஜோடி. அவற்றில் எஸ் 2, எஸ் 3, எஸ் 4 மூன்றும் உட்காருகிற இடம், தொடையின் பின்பக்கம், பிறப்புறுப்பைச் சுற்றிய தோல் எல்லாவற்றின் உணர்ச்சியையும் சுமக்கின்றன. மூத்திரப்பையைச் சுருங்க வைப்பதும், மலக்குடலை அசைப்பதும் அதே மூன்றுதான். அக்கி அந்த நரம்பில் வந்தால் தோலோடு நிற்காமல் உள்ளேயும் வீக்கம் ஏறும். பை நிறைந்தது தெரியாது, தெரிந்தாலும் பிழிய முடியாது. நிறைந்த தொட்டியில் விளிம்பு வழிகிற மாதிரி 40, 50 மில்லி சொட்டும். நான் ஒண்ணுக்கு என்று எழுதி வைத்ததெல்லாம் அந்த வழிசல்தான். நோட்டை அவரிடம் காட்டினேன். வலது பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இதை வைத்தே எந்த நாளில் அடைக்க ஆரம்பித்தது என்று சொல்லிவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியத்தை விரலால் தொட்டார்.

அக்கி நீர்ப்பாதையைத் தொடுவதில் வேறு விதங்களும் உண்டாம். சிலருக்குப் பையின் உள்சுவரிலேயே கொப்புளம் வந்து, அடிக்கடி நீர்க்கடுப்பும் இரத்தம் கலந்த நீருமாகப் போகும். இன்னும் சிலருக்கு வைரஸ் முதுகுத்தண்டுக்கே ஏறும், அப்போது கால் பலவீனமாகும். அதனால் என்னை நடக்க விட்டுப் பார்த்தார்கள், குதிகால் ஊன்றச் சொன்னார்கள், எம்ஆர்ஐ எடுத்தார்கள். நல்லவேளை, தண்டு சுத்தமாக இருந்தது. அக்கியோடு கால் தடுமாறினால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருக்காதீர்கள்.

வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். நல்ல கிட்னி உள்ளவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுப்பது, என் கிரியாட்டினின் ஏறியிருந்ததால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆனது. ஒவ்வொரு தரமும் ஒரு மணி நேரம் மெதுவாக, கூடவே சலைனும். அவசரமாக ஏற்றினால் அந்த மருந்து கிட்னிக்குள்ளேயே படிகமாகப் படிந்துவிடலாம். 72 மணி நேரம் தாண்டிவிட்டதே, இனிப் பலன் இருக்குமா என்று கேட்டேன். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருக்கும்வரை எப்போது வந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். புதிது வருவது நின்றபின் வாலசைக்ளோவிர் மாத்திரைக்கு மாற்றினார்கள். அதுவும் கிட்னி அளவைப் பார்த்துத்தான்.

இரவு மாத்திரை அமிட்ரிப்டிலினை அன்றைக்கே நிறுத்தினார்கள். நரம்பு வலிக்கு அது நல்ல மருந்துதான், பலருக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் பை சுருங்குவதை அது மட்டுப்படுத்தும். ஏற்கெனவே நரம்பு அசந்துகொண்டிருந்த எனக்கு அது மேலும் ஒரு பூட்டு. டிரமடாலும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யுமாம். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவும் அப்படித்தான். பதிலுக்குப் பிரிகாபலின் குறைந்த அளவில் தந்தார்கள். இதில் அந்த உள்ளூர் டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அக்கி என்றே தெரியாது, நான் எதையும் காட்டவில்லை. ஆனால் அக்கி இடுப்புக்குக் கீழே வந்து, வலிக்கு யாராவது மாத்திரை எழுதினால், "இது ஒண்ணுக்கை அடைக்குமாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை விஷயத்தில் ஒன்று. மைக்கோஃபினோலேட்டை டாக்டர் பாதியாகக் குறைத்தார், டாக்ரோலிமஸ் அளவை இரத்தத்தில் பார்த்துப் பார்த்து வைத்தார், பிரெட்னிசலோனைத் தொடவில்லை. இதை நாமாகச் செய்யவே கூடாது. வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரர், மாத்திரையால்தானே வந்தது என்று வீட்டிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்திருந்தார். அவரை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

மூன்றாம் நாள் கிரியாட்டினின் 1.7. ஆறாம் நாள் 1.4. மனைவி போனில் சொன்னதும் அம்மா அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாராம்.

டியூபோடு பத்து நாள். டியூபில் மாட்டிய பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது மடியில் எடுத்து வைத்துக்கொள்வது எல்லோரும் செய்யும் தப்பு. பையில் இருக்கும் பழைய நீர் திரும்பி உள்ளே போய்விடும். பையைத் திறந்து ஊற்றும் முன்பும் பின்பும் கை கழுவ வேண்டும், குழாய் நுனி மக்கில் படக் கூடாது. டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால் இழுபடாது. இதெல்லாம் நல்ல உடம்புக்காரருக்குச் சின்ன விஷயம், நமக்கு ஒரு கிருமி போதும்.

பத்தாம் நாள் டியூபை எடுத்துப் பார்த்தார்கள். முக்கி 120 மில்லி போனேன். ஸ்கேனில் 380 மிச்சம். எனக்குத் தொண்டை அடைத்தது. திரும்ப டியூப் போட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். "ஒரு வழி இருக்குதுங்க, நீங்களே கத்துக்கலாம்" என்றார் யூராலஜி டாக்டர். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் மெல்லிய டியூபை நாமே விட்டு மூத்திரப்பையைக் காலி பண்ணி, உடனே எடுத்துவிடுவது. நிரந்தரமாக டியூப் கிடப்பதைவிடக் கிருமி சேரும் வாய்ப்பு குறைவு, பைக்கும் நிறைந்து காலியாகும் பழக்கம் விடாமல் இருக்கும்.

கேட்டதும் முடியாது என்றுதான் தோன்றியது. கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கு என் மகள் வயதிருக்கும். திரைக்குப் பின்னால் நின்று, "அவசரமே இல்லைங்ண்ணா, மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும். ஜெல்லை டியூபில் நிறையத் தடவ வேண்டும். கொஞ்ச தூரம் சுலபமாகப் போகும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். அங்கே தள்ளக் கூடாது. இருமுவது போலச் செய்து, காத்திருந்தால் அந்தத் தசை தானாக இளகி உள்ளே விடும். நீர் டியூபில் வந்ததும் இன்னும் ஒரு அங்குலம் விட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்க வேண்டும், இழுக்கும்போதும் மிச்சம் மீதி வரும். முதல் தரம் இருபது நிமிடம் ஆனது. ஒரு வாரத்தில் ஐந்து நிமிடம்.

களத்தில் இருக்கும் கழிப்பறை அதற்கு லாயக்கில்லை. முதலாளியிடம் நேராகச் சொல்லிவிட்டேன், ஒண்ணரை மாதத்துக்கு மத்தியானம் வீட்டுக்குப் போய் வர வேண்டும் என்று. காரணத்தையும் சொன்னேன். அவர் தன் வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். வாய் விட்டுச் சொன்னால் ஆட்கள் உதவத்தான் செய்கிறார்கள். நேரம் குறித்துச் செய்ய வேண்டும், உணர்ச்சி வரும்வரை காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் உணர்ச்சிதான் போய்விட்டதே. போனில் அலாரம் வைத்தேன். ஒரு தரம் எடுப்பது 400 மில்லியைத் தாண்டாமல் தண்ணீரைப் பகல் முழுக்கப் பிரித்துக் குடித்தேன், இரவு எட்டு மணிக்கு மேல் குறைத்தேன்.

நோட்டில் புதிதாக ஒரு கோடு போட்டேன். தானாகப் போனது, டியூபில் எடுத்த மிச்சம். மிச்சத்தின் எண்தான் என் ஜாதகம் ஆனது. 380. 350. ஒரு வாரம் அசையவே இல்லை. பிறகு 290. 210. நாலாவது வாரம் ஒரு விடியற்காலையில் தூக்கத்தில் ஏதோ இடிப்பது போல இருந்து எழுந்தேன். ஒண்ணுக்கு வருகிற உணர்ச்சி. அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கியது. 140, 90, 60. ஆறாவது வாரம் டியூபை நிறுத்தச் சொன்னார்கள். அக்கியால் அடைத்தது பெரும்பாலும் இப்படி வாரக்கணக்கில் சரியாகிவிடும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அந்த வாரம் 350-லேயே நின்றபோது அதை நம்ப முடியவில்லை.

நடுவில் ஒரு தரம் நீரில் கிருமி வந்தது. காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பு காய்ச்சலைக் காட்டாமலே இருந்துவிடும். நீர் கலங்கியிருந்தது, வாடை மாறியிருந்தது, காரணமில்லாமல் அசதி. கல்ச்சர் எடுத்து, அதாவது என்ன கிருமி என்று நீரை வளர்த்துப் பார்த்து, அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் ஆட்கள் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் இன்னொரு காரியமும் செய்தோம். அக்கி காய்ந்து பொருக்கு கட்டும்வரை கொப்புளத்து நீர் பட்டால், அம்மை போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். அக்காவின் மகள் அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். மாமாவைப் பார்க்க வந்தவளை அம்மா வாசலிலேயே நிறுத்தி, "அம்மிணி, கோவிச்சுக்காத, அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பினார். பிள்ளை பிறந்த பிறகு நானே போய்ப் பார்த்தேன்.

எல்லாம் ஆறிய பிறகு டாக்டரிடம் அக்கித் தடுப்பூசி பற்றிக் கேட்டேன். ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி 2023-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் எங்களைப் போன்றவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள வைரஸில் செய்த பழைய வகை ஊசி எங்களுக்கு ஆகாது. இரண்டு டோஸ், விலை அதிகம். இரண்டு மாத இடைவெளியில் போட்டேன், இரண்டு தரமும் கை வலித்து ஒரு நாள் காய்ச்சலடித்தது. எனக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் உண்டு. நீங்களாகவே கேளுங்கள். கிட்னி மாற்றுவதற்கு முன்பே, காத்திருக்கும் காலத்திலேயே கேட்டால் இன்னும் நல்லது.

போன மாசியில், டயாலிசிஸ் காலத்தில் பழக்கமான தாராபுரத்து அண்ணன் ஒருவர் போன் பண்ணினார். அவருக்கும் கிட்னி மாற்றியாகிவிட்டது. அக்கி வந்திருக்குது தம்பி, எழுதப் போறேன் என்றார். எந்த இடத்துலீங்ணா என்று கேட்டேன். தயங்கினார். பரவாயில்லீங்ணா, எனக்கும் அங்கதான் வந்தது என்றேன். அப்புறம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். பின்பக்கம் கழுவினால் தண்ணீர் பட்டது தெரிகிறதா, ஒரு தரம் எவ்வளவு போகிறது, வெளிக்கு எப்போது போனார். ஒரு மக்கில் அளந்து பார்க்கச் சொல்லி லைனிலேயே காத்திருந்தேன். நூற்றைம்பது கூட இல்லை தம்பி என்று வந்து சொன்னார். அன்றைக்கு ராத்திரியே கிளம்பினார்.

எனக்கு இடது பக்கம் உள்ளங்கை அகல இடம் இன்னும் மரத்தேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் எரியும். இன்று காலை நோட்டில் முதல் வரி 380. தானாகப் போனது. மிச்சம் எழுதும் கோட்டை இன்னும் அழிக்கவில்லை, அந்த இடத்தில் ஒரு சுழி போட்டு வைக்கிறேன். அம்மா அடுப்படிக்கு வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் பார்ப்பார்.